வழக்கில் இருந்த ஆடு

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஆடுகள் அவிழ்த்துவிட்டபடியே திரியும். எது எவருடையது என்று வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த வருஷம் ஒரே வெள்ளாட்டை இரண்டு பேர் ஆளாளுக்குத் தன்னுடையது என்றார்கள். சுள்ளிக்கல் ஷாஜி கயிற்றை ஒரு பக்கம் இழுக்க, பழக்கடைத் தங்கதுரை மறுபக்கம் இழுக்க, கைகலப்பில் மூக்கு உடைந்து வழக்காகிவிட்டது. ஆடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிற்று.

அங்கே அதற்குத் தீனி போட ஆளில்லை. தெருப் பெருக்க வந்த கார்ப்பரேஷன் ஊழியர் சீனியம்மாளைப் போலீஸ்காரி ஷைலஜா பிடித்துக்கொண்டாள்.

"சீனியக்கா, கேஸ் முடியிற வரைக்கும் நீங்க நோக்கிக்கணும். ஒரு ஒப்பு போட்டா மதி. கோர்ட் கேக்கறப்ப இதே மாதிரி ஆஜராக்கணும், கேட்டோ?"

கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த சீனியம்மாள் அந்த 'இதே மாதிரி'யை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். ஆடு இளைத்தால் தன்னைக் கேட்பார்கள், நொண்டினால் கேட்பார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனக்கென்று சமைக்கச் சோம்பியவள், ஆட்டுக்காக அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினாள். மழையில் அதைத் தன் ஒற்றை அறைக்குள்ளேயே கட்டினாள்.

"மஜிஸ்ட்ரேட்டு சாப்ட்டாச்சா?" என்று பக்கத்து வீட்டுச் சரோஜம்மா தினமும் கேட்பாள்.

"உனக்கென்ன பொறாமை? அது கவர்மெண்டு ஆடு."

ஒருநாள் கவர்மெண்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. கிடங்குச் சந்தெல்லாம் அழுதுகொண்டே தேடிப் பிடித்துவந்தாள். கொஞ்ச நாளில் அதன் வயிறு சரிந்தது. சீனியம்மாள் அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"மேடம், என்னைய உள்ள போட்ருவாங்களா? நான் வாங்கறப்ப அது ஒத்தையாத்தான் இருந்துச்சு."

ஷைலஜா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "அதுக்கெல்லாம் ஜெயில் இல்லக்கா."

"அப்ப குட்டி யாருக்கு?"

"ஆடு யாருக்கோ, அவங்களுக்கு."

வீடு திரும்பும் வழியில்தான் சீனியம்மாளுக்கு உறைத்தது. யாரோ ஒருவன் ஜெயிப்பான், ஆடு போய்விடும். அதற்குப் பிறகு வாய்தா தள்ளிப்போகும்போதெல்லாம் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

ஆடு ஈனுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. ஷாஜிக்குத்தான் ஆடு. கோர்ட் வாசல் மரத்தடியில் அவள் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை, பேச்சுத்தான் நிற்கவில்லை.

"ஈரத் தழை போடாதீங்க, செருமும். கஞ்சில உப்பு கொஞ்சூண்டு. மாசமா இருக்கு, ஆட்டோல கால் கட்டித் தூக்கிப் போட்றாதீங்க. நடத்தியே கூட்டிட்டுப் போங்க."

ஷாஜி கயிற்றையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "சேச்சி, எனக்கு அந்தத் தங்கதுரைகிட்டத் தோக்கக் கூடாதுன்னு மட்டும்தான். இப்ப இருக்கற வாடகை வீட்டுல ஆடு கட்ட இடம் எவிட? நீங்களே வெச்சுக்கோங்க."

"குட்டி?"

"அதும்தான்."

சீனியம்மாள் கயிற்றை வாங்கவில்லை. இத்தனை நாள் கோர்ட்டைப் பார்த்தவள். சும்மா வாயால் சொன்னது நிற்காது என்று அவளுக்குத் தெரியும். ஷாஜியின் சட்டைக் கையைப் பிடித்து, கோர்ட்டுக்கு வந்திருந்த ஷைலஜா நின்ற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இப்ப சொன்னத மேடம் முன்னாடி ஒருக்காச் சொல்லுங்க. குட்டியையும் சேத்துச் சொல்லுங்க."