கழுவித் தின்னும் பிராணி

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர் வீரணன். கிணற்றில் இறங்கித் தூர் வாருவார், பாம்பைக் கையால் பிடிப்பார், லேசில் அசராத மனுஷன். 1934இல் டாக்டர் அமெரிக்காவிலிருந்து ஒரு பிராணியைக் கூண்டோடு கொண்டுவந்து இறக்கினாரே, அன்றைக்கு வீரணனுக்கே தலை சுற்றியது.

மூஞ்சி நரி, நடை கரடி. வாலில் வளையம் வளையமாகக் கறுப்பு, கண்ணைச் சுற்றி அடுப்புக்கரி அப்பினது மாதிரி கறுப்பு. கையோ பச்சைப் பிள்ளையின் கை! ரக்கூன் என்று பேராம். அதன் ஊரில் ஆற்றோர மரப்பொந்தில் குடியிருக்குமாம், எதைப் போட்டாலும் தின்னுமாம். இவ்வளவுதான் சொன்னார் டாக்டர். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு மாதத்துக்குக் கொடைக்கானல் போய்விட்டார்.

வீரணன் வயல் நண்டைப் போட்டார். அது இரண்டு கையாலும் எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கித் தேய்த்துவிட்டுத்தான் தின்றது. முட்டையும் அப்படியே, சோளக்கதிரும் அப்படியே. வெல்லக்கட்டியையும் விடவில்லை. அது கரைந்துபோக, வெறுங்கையைப் பார்த்து விழித்தது.

வீரணனுக்கு வயிறு எரிந்தது. அவர் கை பட்ட கத்தரிக்காயைத் தீட்டுக் கழியத் தண்ணீர் தெளிக்காமல், நிலம் வைத்திருக்கும் சம்சாரி வீடுகளில் உள்ளே எடுக்கமாட்டார்கள். கப்பலேறி வந்த இதுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

"ஏங் கை ஒனக்கும் ஆகாதா?" என்று தொட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். குடிக்க வாய் குறுகிய கலயம் ஒன்றுதான்.

மூன்று நாள் அது தீனியை வெறுந்தரையில் உருட்டிப் பார்த்து அப்படியே போட்டது. விலா எலும்பு தெரிந்தது. செத்துத் தொலைந்தால் வேலை போய்விடும். அதைவிட, பாவம், வாயில்லா ஜீவன். கோபமா பயமா என்று தனக்கே புரியாமல் தொட்டியைத் திரும்ப வைத்தார். உடனே கழுவியது, தின்றது. அவருக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பக்கத்துப் பரவையிலிருந்து சம்சாரி கருத்தக்கண்ணன் வேடிக்கை பார்க்க வந்தார். காய்க்குத் தண்ணீர் தெளிப்பதில் அவர் வீடுதான் முதல் வீடு. வாழைப்பழத்தைத் தானே உரித்து நீட்டினார். பிராணி வாங்கியது. நேரே தொட்டிக்குப் போய் முக்கித் தேய்த்தது.

"என்னடா இது? ஏம் பழத்த எதுக்குக் கழுவுது?"

வீரணனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னார்: "அதுக்கு ஆளு தெரியாது சாமி. யாரு குடுத்தாலும் கழுவும்."

கருத்தக்கண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீரணன் தொட்டிக்குப் புதுத் தண்ணீர் இறைக்கப் போனார்.