உலையடியில் மாரியப்பன் அண்ணாச்சி

மாரியப்பன் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. பொன்முடியிலிருந்து நண்பன் ராபின் மூன்று முறை அழைத்தான், மூன்று முறையும் துண்டித்தேன். நான்காவது முறை எரிச்சலோடு வெளியே வந்து எடுத்தேன். "சேச்சி, நம்ம அண்ணாச்சி மரிச்சுப் போயாச்சு. ரெண்டாமத்த ஸ்ட்ரோக்காம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே கழிஞ்சுது," என்றான். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். மீதிக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தம்பானூர் ஹோட்டலில் அவரோடு வேலை செய்த நீங்கள், பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுவதாகச் சொல்லி என்னிடமும் எழுதிக் கேட்டீர்கள். உங்களுக்கு அவர் இருபது வருடம் கல்லின் முன்னால் நின்ற பரோட்டா மாஸ்டர். நான் அவர் கையால் ஒரு பரோட்டாகூடத் தின்றதில்லை. வலியசாலை அக்ரகாரத்துப் பெண்ணுக்கும் மாஸ்டருக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் சாவு வீட்டிலேயே காதைக் கடித்துக்கொண்டீர்கள். சம்பந்தம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. சிரிக்காமல் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னைத் திட்டலாம், அதற்கு இடம் இருக்கிறது.

விளையாட்டு இதுதான். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறோம். கையில் ஒன்றும் கிடையாது. மரம் வெட்டி, கல் உடைத்து, வேட்டையாடிப் பிழைக்க வேண்டும். கோடாலி, அம்பு எதுவும் சும்மா வந்துவிடாது. செய்வதற்குப் பட்டறை மேசை வேண்டும், இரும்பு உருக்க உலை வேண்டும், தோல் காயப்போடச் சட்டம் வேண்டும், சமைக்க அடுப்பு வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள் உண்டு. முதல்நிலை உலையில் கரியையும் தாதுக்கல்லையும் நாமே ஒவ்வொன்றாகப் போட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து எடுக்க வேண்டும். அசந்தால் இரும்புக் கட்டி கருகிவிடும். நான்காம் நிலைக்கு ஏற்றிவிட்டால் பெட்டியிலிருந்து தானே எடுத்து, தானே உருக்கி, தானே அடுக்கி வைக்கும். ஏற்றுவதற்கு மலைக்கு அடியிலுள்ள குகையிலிருந்து நீலக்கல் கொண்டுவர வேண்டும், அது லேசில் கிடைக்காது. ஏற்றியது ஏற்றியதுதான். திரும்ப இறக்க வழியில்லை.

நானும் ராபினும் முன்பிருந்தே விளையாடிக்கொண்டிருந்தோம். ராபின் பொன்முடி எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்ப்பவன். மலையிறங்கி வரும்போதெல்லாம் உங்கள் ஹோட்டலில் சாப்பிட்ட பழக்கத்தில் அண்ணாச்சியை அவன்தான் கூட்டி வந்தான். வீட்டில் சும்மா இருக்கிறார், பாவம், என்று மட்டும் சொன்னான். முதல் வாரம் அண்ணாச்சி காட்டுப்பன்றியிடம் ஆறு முறை செத்தார். ஒவ்வொரு முறையும் அவர் சாமான்களை மீட்க நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு ஓட வேண்டும். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஏழாவது முறை மைக்கில் கத்தினேன். "கையில என்ன மருதாணியா இட்டுண்டிருக்கேள் அண்ணாச்சி? ஓடி வந்து ஈட்டியை எடுக்கறதுக்கு என்ன?"

"வலது கைக்கு இட்டிருக்கும்மா," என்றார். "பதினாலு மாசமாச்சு, இன்னும் காயல."

ராபின் மெதுவாக, "சேச்சி, அண்ணாச்சிக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு கை தளர்ந்து போச்சு," என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அண்ணாச்சி சிரித்தார். "அட விடும்மா. பன்னி செஞ்சத விடவா நீ செஞ்சிட்ட?" என்றார். அப்படி அவர் என் தப்பைப் பொறுத்து விட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடவும் குறிபார்க்கவும் இரண்டு கை வேண்டும். உலை முன்னால் நின்று எடுத்துப் போட மௌஸ் பிடிக்கும் ஒரு கை போதும். "நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டு வாங்க. அடுப்படிய நான் பாத்துக்கிடுதேன்," என்றார். அன்றிலிருந்து எங்கள் முகாமின் உலையும் மேசையும் அடுப்பும் அவருடையவை.

அவர் வேலை செய்கிற விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் தாறுமாறாக வைத்திருந்த பெட்டிகளை எல்லாம் இடம் மாற்றினார். உலைக்கு இடப்பக்கம் கரி, வலப்பக்கம் தாது, பின்னால் தயாரான இரும்பு. "திரும்பாம கை எட்டணும். திரும்பினா ஒரு ரவுண்டு போச்சு," என்றார். எந்தச் சாமானும் அவரிடம் எப்போதும் இரண்டு கூடுதலாக இருக்கும். "ஆள் வந்து ஒக்காந்த பொறவு மாவு பெசைய முடியுமா?" என்பார். ஒருநாள் பொன்முடியில் மூடுபனி இறங்கி ராபினின் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. அவன் அசையாமல் நின்ற நேரத்தில் இரண்டு கரடிகள் எங்கள் வேலியை உடைத்துவிட்டன. என் கோடாலி அப்போதுதான் தேய்ந்து உடைந்திருந்தது. அண்ணாச்சி பதறவே இல்லை. "கோடாலி ஒண்ணு, அம்பு இருபது, சூப்பு ஒண்ணு, எடுத்துக்கோ!" என்று ஹோட்டல் குரலில் சத்தம் கொடுத்தார். பெட்டியைத் திறந்தால் எல்லாம் அடுக்கி இருந்தது. அன்று நாங்கள் பிழைத்தது அவரால்தான்.

அவர் இருந்தபோது ஒரே ஒருமுறைதான் அவர் வீட்டுக்குப் போனேன். ராபின் ஏதோ வேலையாக நகரத்துக்கு வந்திருந்தான், இருவருமாகத் தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துக்குப் போனோம். யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர். இடது கையில் மௌஸ். வலது கையை மடியில் மடித்துப் போட்ட துண்டின் மேல் வைத்திருந்தார். சலவை செய்த சட்டை போட்டிருந்தார். எங்களுக்காகப் போட்டதாக நினைத்தேன். அவர் மனைவி இசக்கியம்மாள் அக்கா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தார். "இது டெய்லி உள்ளதுதாம்மா. எட்டரைக்குச் சாப்பிட்டு, மாத்திரையப் போட்டு, சட்டைய மாத்தி, ஒம்பது மணிக்குக் கரெக்டா ஒக்காந்துருவாவ. கடைக்குப் போற மாதிரியே."

நாங்கள் மாலை ஏழு மணிக்கு வருகிறவர்கள். அவர் காலையிலிருந்து தனியாக உட்கார்ந்து இரும்பு உருக்கி, அம்பு செய்து, சாப்பாடு சமைத்து எங்களுக்காக வைத்திருந்திருக்கிறார். "என்ன அண்ணாச்சி, இவ்வளவு நேரமா?" என்று கேட்டேன். "வேலை இருக்குல்லா," என்றார். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் நான் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் உத்தியோகம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் வீணாகிறது என்று பார்த்து, அதைச் சுருக்கிக் கொடுப்பது. நல்ல பெயர் எனக்கு. அந்தப் புத்தியோடு விளையாடினால் முதல்நிலை உலை கண்ணை உறுத்தாமல் இருக்குமா? பல தடவை கேட்டேன். "அண்ணாச்சி, உலையை ஏத்திடலாமே, நீங்க ஒவ்வொண்ணாப் போட்டுண்டு கஷ்டப்படறேளே." அவர், "பெரிய அடுப்புக்குப் பெரிய பசிம்மா. இப்ப என்ன அவசரம்?" என்று மழுப்புவார். அதை நான் கிழவர்களின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

ஓணம் விடுமுறை வந்தது. அண்ணாச்சி கோயில் கொடைத் திருவிழாவுக்காகத் தென்காசிப் பக்கம் ஊருக்குப் போனார். நான்கு நாள். நானும் ராபினும் குகையே கதியாகக் கிடந்து நீலக்கல் எடுத்தோம். உலை, மேசை, சட்டம், அடுப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நான்காம் நிலைக்கு ஏற்றினேன். ராபின் மட்டும், "சேச்சி, அண்ணாச்சி வந்தபின்னே கேட்டிட்டுச் செய்யலாமே," என்று இழுத்தான். "சர்ப்ரைஸ்டா," என்றேன். அவருக்கு ஒரு கைதானே, பாரம் குறையட்டும் என்று நினைத்ததாக எல்லோரிடமும் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. அவர் ஒவ்வொரு கட்டியாக நிறம் பார்த்து எடுக்கும்வரை காத்து நிற்பது எனக்குச் சகிக்கவில்லை என்பது மறுபாதி.

அவர் திரும்பி வந்த அன்று மாலை, பாராட்டுக்காக நான் சீக்கிரமே வந்து நின்றேன். அண்ணாச்சி உலையின் முன்னால் நின்றிருந்தார். அது தானே எடுத்தது, தானே உருக்கியது, தானே அடுக்கியது.

"நல்லா இருக்கும்மா," என்றார். உலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல நான் எங்க அமுக்கணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் அமுக்க வேண்டாம் அண்ணாச்சி. அதுவே பண்ணிக்கும்."

"அப்படியா," என்றார். "சரிம்மா. இனி நமக்கு ரெஸ்டு."

ஒரு வாரம் வந்தார். ஒரு பெட்டியிலிருந்த அம்புகளை எடுத்து இன்னொரு பெட்டியில் வைப்பார். புது மேசை உடனே அவற்றைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும். ஒருநாள் எங்களோடு வேட்டைக்கு வருகிறேன் என்றார், வழக்கம்போலப் பன்றியிடம் செத்தார். அன்று யாரும் கேலி செய்யவில்லை, அது கேலியைவிட மோசமாக இருந்தது. பிறகு கண் கூசுகிறது என்றார். பிறகு வரவில்லை.

ராபின்தான் சொன்னான். "நம்ம அண்ணாச்சியோட ஜோலிய இல்லாதாக்கிட்டோம் சேச்சி."

"விளையாட்டுல என்னடா ஜோலி? கண்ணு சரியானா வருவார்," என்று அவன் மேல் விழுந்தேன். சுருக்கென்று தைத்ததால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

என் அம்மாவுக்குக்கூடத் தெரிந்தது. அடுத்த அறையில் இருந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவள். "ஏண்டி கோமதி, அந்த மாஸ்டர் குரலையே காணுமே? உடம்பு ஏதாவது படுத்தறதோ என்னமோ. இங்கே இருக்கற தம்பானூர்தானே, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாயேன்," என்றாள். போகலாம் என்றேன். பதினைந்து நிமிட நடை. இரண்டு மாதம் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை ராபினிடமும் நான் சொன்னதில்லை. ஏற்றிய உலையை இறக்கத்தான் முடியாது. பக்கத்திலேயே புதிதாக ஒரு முதல்நிலை உலை கட்டத் தடையே இல்லை. கொஞ்சம் களிமண், பத்துக் கல், ஐந்து நிமிடம். இந்த யோசனை அவர் இறந்த பிறகு வந்திருந்தால் நான் நிம்மதியாக அழுதிருப்பேன். அவர் வராமல் போன மூன்றாவது வாரமே வந்துவிட்டது. கட்டினால் நான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகும் என்று தோன்றியது. நான்காம் நிலை உலை பக்கத்தில் அந்தக் களிமண் உலை அசிங்கமாகவும் இருக்கும். அதனால் கட்டவில்லை.

அண்ணாச்சியின் உடலை எடுத்த மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். கம்ப்யூட்டரின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க பேச்ச எடுக்காத நாள் கெடையாதும்மா. கோமதி மேடம் கெட்டிக்காரின்னு சொல்லுவாவ," என்றார். பிறகு, என்னைக் குறை சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல், நடந்ததைச் சொன்னார். ஒன்பது மணிக்கு உட்கார வேண்டியிருந்தவரை அண்ணாச்சி எட்டரைக்கு மாத்திரை போட்டுவிடுவார். உட்காருவது நின்றதும் சாப்பாடு பத்தாயிற்று, பதினொன்றாயிற்று, மாத்திரை சில நாள் உண்டு, சில நாள் இல்லை. "நான் கேட்டா, இப்ப எங்க போகப்போறேன், அப்புறம் போட்டுக்கிடுதேன்னு சொல்லுவாவ."

"ஏன் வெளயாடலன்னு நீங்க கேக்கலியா அக்கா?" என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கேட்டேம்மா. வெளயாட்டு முடிஞ்சு போச்சுன்னாவ. கோமதி மேடம் எல்லாத்தையும் ஏத்திட்டாவ, நாம ஜெயிச்சாச்சு, இனி வேலை இல்லன்னு சிரிச்சிட்டுத்தான் சொன்னாவ." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நெசமாவே ஜெயிச்சீங்களாம்மா?"

"ஆமாக்கா," என்றேன். "ஜெயிச்சோம்."

அவரைப் பற்றி நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது வைத்திருப்பீர்கள். ஒருவர் அவர் கற்றுக்கொடுத்த கைப்பக்குவத்தை, ஒருவர் அவர் அடித்த ஒரு கிண்டலை. என்னிடம் இருப்பது அவர் எனக்காகச் சொன்ன இந்தப் பொய் ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. அக்காவுக்குப் படிக்க வராது என்று தெரியும். உங்களில் யாராவது இந்தக் கடைசிப் பாராவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அக்கா, அந்த விளையாட்டில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. அது முடிவதும் இல்லை. அண்ணாச்சிக்கு அங்கே செய்ய வேலை இருந்தது, அதை அவரிடமிருந்து நான்தான் எடுத்தேன்.