பூக்கூடைப் பீரோ

வக்கீல் வாயில் வருவதெல்லாம் பொய்தானே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இது நடந்தது. 1931 ஐப்பசியில், மந்தைவெளியில், என் வீட்டிலேயே நடந்தது.

அடையாற்று பங்களா ஒன்றில் ஏலம் போட்டார்கள். அங்கேதான் அந்த இங்கிலீஷ் பீரோவை எடுத்தேன். ஆள் உயரம். சிவந்த மரத்தில் கருங்காலியும், எந்தத் தீவிலிருந்தோ வந்த மஞ்சள் மரமும் பதித்து, கதவில் ஒரு பூக்கூடைச் சித்திரம். பார்த்தவர்கள் தடவிப் பார்க்காமல் போனதில்லை. சாவி மட்டும் இல்லை. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். அதனால் கதவிடுக்கில் துணி செருகி வைத்திருந்தோம்.

அன்று அடைமழை. விளக்கேற்றும் நேரம். ஐந்து வயது மகள் காமாக்ஷியைக் காணோம். கிணற்றை எட்டிப் பார்த்தேன். தெருக்கோடிவரை ஓடினேன். திரும்பி வந்தால்... துணி தரையில் கிடந்தது. பீரோ சாத்தியிருந்தது.

"ஐயோ, உள்ளேன்னா இருக்கா!" என்று அலறினாள் என் மனைவி சூடாமணி.

டக்... டக்... டக்...

கோடாலியை ஓங்கினேன். உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒடைச்சுடு நைனா..."

கை நின்றுவிட்டது. என் குழந்தை என்னை ஒருநாளும் நைனா என்றதில்லை. அப்பா என்பாள். அது அவள் குரலும் இல்லை. பெரிய பெண்ணின் குரல்.

"என்ன பாத்துண்டு நிக்கறேள்? உடைங்கோ!"

"மூச்சு முட்டுது நைனா..."

டக்... டக்...

உடைத்தேன். பூக்கூடை சிதறியது.

உள்ளே காமாக்ஷி மட்டும். உதடு நீலம். மூச்சு...

இருந்தது.

மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவள் கண் திறந்ததும், "நீதானே தட்டினே?" என்று கேட்டேன்.

"நான் தூங்கிட்டேம்ப்பா. அந்த அக்காதான் தட்டிண்டே இருந்தா."

மறுநாள் அந்த பங்களாவுக்குப் போனேன். தோட்டக்காரர் லாசர் மட்டும் இருந்தார். பீரோவை உடைக்க வேண்டியதாயிற்று என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குரலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"யாரு சாமி உள்ள மாட்டிக்கினது?" என்றார்.

என் குழந்தை, பிழைத்துக்கொண்டாள் என்றேன். அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"போன வருசம் என் பொண்ணு ஜெசிந்தா மாட்டிக்கிச்சு. சித்திரம் பாழாயிடும், சாவிக்காரன் வரட்டும்னு தொரசானி ஒடைக்க வுடல. சிந்தாதிரிப்பேட்டைலேர்ந்து அவன் வர்றதுக்குள்ள..."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"'ஒடைச்சுடு நைனா'ன்னு கத்திக்கினே இருந்துச்சு சாமி. கோடாலி என் கையிலதான் இருந்துச்சு."