இடது பக்கத்துக் கால்மிதி

எங்கள் ஊரில் இரண்டே கதவு வைத்த, தரையோடு தரையாகப் போகிற ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஒரு பெண்பிள்ளை பெட்ரோல் பங்குக்கு ஓட்டிக்கொண்டு போனால் வழக்கமான கேள்விகள் வரும். மைலேஜ் எவ்வளவு கொடுக்கும், பின்னால் ஆள் உட்கார முடியுமா, சார் வரவில்லையா. முதல் இரண்டுக்கும் பொறுமையாகவே பதில் சொல்வேன். மூன்றாவதைக் கேட்கிற பங்கில் அடுத்த தடவை டயருக்குக் காற்றுகூடப் பிடிக்க மாட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பேட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை எல்லா பங்குகளுக்கும் தெரியும்.

நான் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். ஒரே ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு இருப்பவள் அல்ல. காலையில் பாளையங்கோட்டையில் ஒன்று, பத்து மணிக்கு வண்ணார்பேட்டையில் ஒன்று, மதியம் அம்பாசமுத்திரத்தில் ஒன்று என்று கத்தி எங்கே எடுக்கிறார்களோ அங்கே போய் நிற்க வேண்டும். ஐம்பது வயது வரை எல்லோரையும்போல ஒரு வெள்ளை காரில்தான் போய்க்கொண்டிருந்தேன். மகன் படிப்பை முடித்து வெளியூர் வேலைக்குப் போன வருஷம், இனிமேல் எனக்குப் பிடித்ததை ஓட்டுவேன் என்று வாங்கியதுதான் அந்தச் சிவப்பு வண்டி.

இந்த மாதிரி வண்டியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் துணி போட்டு மூடி வைத்திருந்து, நல்ல நாள் பெரிய நாளில் வெளியே எடுப்பார்கள். எனக்கு அது ஆகாது. சித்திரை வெயிலில் ஸ்டியரிங் கையைச் சுடும்போதும் அதில்தான் போனேன். ஆடிக் காற்று ஆளையே தள்ளுகிற நாளிலும், ஐப்பசியில் பத்தமடை தாண்டி ரோடும் வயலும் ஒன்றாகக் கிடந்த நாளிலும் அதில்தான் போனேன். வேகத்தடைகளை மட்டும் குறுக்குவாட்டில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். ஏழு வருஷத்தில் அதுவும் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இடது பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் வருவார். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை. ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். அதில் அவர் போகும்போது மாடுகள்கூட அவசரப்பட்டு விலகுவதில்லை. ஞாயிறு விடிந்ததும் துண்டும் மாற்று வேட்டியும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாபநாசத்தில் ஆற்றில் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நான் ஓட்டினால் அதைவிடக் குறைவு. வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். முப்பது வருஷம் வகுப்பில் பேசிய வாய் ஓய்வெடுக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் பேசாமல் ஒருவர் இருப்பது எனக்கு அப்படிப் பிடித்திருந்தது.

போன ஐப்பசியில் கோயிலிலிருந்து திரும்பும்போது, வீரவநல்லூர் தாண்டி ஒரு வளைவில், மழைத் தண்ணீரில் வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் அளவுக்கு வழுக்கியது. ஒரு நொடிதான். பிடித்து நேராக்கிவிட்டேன். நேராக்கிய கெட்டிக்காரத்தனத்துக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்றுகூட இருந்தது. அவர் சேரன்மகாதேவி வந்த பிறகு, “மழ நல்லா பெய்யுது” என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அந்த ஒரு சாண் வழுக்கல்தான் எனக்குச் சாக்காக அமைந்தது. அதே கம்பெனியில் புதிதாக இரண்டு வண்டி வந்திருந்தது. ஒன்று என்னுடையதற்குச் சமம், முந்நூறு குதிரைத்திறன், பின்சக்கரம் மட்டும் இழுக்கும். இன்னொன்று நானூறுக்கும் மேலே, நான்கு சக்கரமும் இழுக்கும். வருஷம் முழுக்க, மழையானாலும் வெயிலானாலும் ஓட்டுகிறவளுக்கு நான்கு சக்கரப் பிடிமானம் அவசியம்தானே என்று கூட வேலை பார்க்கிற டாக்டர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அந்த எஞ்சின். மதுரைக்குப் போய் ஓட்டிப் பார்த்தேன். நாலுவழிச் சாலையில் ஒரே ஒரு தடவை அழுத்தினேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வாய்விட்டுச் சிரித்தேன். கூட வந்த வீட்டுக்காரர் அன்றைக்கு வண்டியில் ஏறவில்லை, காபி குடித்துக்கொண்டு ஷோரூமிலேயே இருந்துவிட்டார்.

இரண்டு வண்டிக்கும் படம் போட்ட புத்தகம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவற்றை அவர்தான் எடுத்து வைத்துக்கொண்டார். பென்சிலும் கையுமாக நாலு நாள் படித்தார். தினசரி பேப்பரின் ஓரத்தில்கூட ஏதாவது கணக்குப் போடுகிற ஆள் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. எதை எடுக்கட்டும் என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றார். மௌனமே சம்மதம் என்கிற ஊரில், வாயைத் திறந்து இஷ்டம் என்று சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்.

பழைய வண்டியைப் பார்ப்பதற்குத் தச்சநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார் வாங்கி விற்பதில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்தவர் வாசலில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். கடைசியில் உள்ளே கிடந்த கால்மிதிகளை வெளியே எடுத்து வெயிலில் வரிசையாகப் போட்டு, மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க” என்றார். “இது டிரைவிங் ஸ்கூல்ல ஓடுன வண்டியா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில், இப்படிப்பட்ட வண்டியை எந்த டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் என்று கேட்டேன். அவர் பதற்றப்படவில்லை. இடது பக்கத்து மிதியைக் காட்டினார்.

“இங்கன பாருங்க. ஓட்டுத பக்கம் குதிங்கால் பட்டுத் தேஞ்சிருக்கு, அது சகஜம். இந்தப் பக்கம் முன்பாதம் பட்டுத் தேஞ்சு ரப்பர் தெரியுது. சொல்லிக்குடுக்கவரு மிதிக்கதுக்கு ரெண்டாவது பிரேக் வச்சிருப்பாங்கல்லா, அந்த வண்டியிலதான் இப்படித் தேயும்.”

குனிந்து பார்த்தேன். மிதியின் வலது ஓரத்தில், ஒரு ஆளின் வலது கால் முன்பாதம் எங்கே படுமோ அங்கே, கம்பளி மயிர் மொத்தமும் போய்க் கறுப்பாக ஒரு வட்டம். ஒரு நாள் இரண்டு நாளில் வந்த தேய்மானம் இல்லை. அந்த இடத்தில் எந்த பிரேக்கும் கிடையாது. இருந்தாலும் ஒருவர் ஏழு வருஷமாக, ஞாயிறுதோறும் அதை மிதித்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர்தான் அந்தப் பக்கம் உட்காருவார் என்றேன். வந்தவர் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி சரி என்று சொல்லி மற்ற மிதிகளை மளமளவென்று உள்ளே போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டே கிளம்பிப் போனார்.

எனக்கு முதலில் வந்தது அவமானம், அது உடனே கோபமாகிவிட்டது. ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கிறவர்கள் பயமே இல்லை டாக்டர் என்று சிரித்தாலும், போர்வைக்கு வெளியே தெரிகிற கால்விரல் மடங்குவதைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேன். அதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டவள். ஊரில் இருக்கிற காலையெல்லாம் பார்த்தவள், இரண்டு அடி தூரத்தில் இருந்த காலைப் பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்தப் பக்கத்துக் கதவை நான் ஒரு நாள்கூடத் திறந்ததில்லை.

மிதியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முகத்துக்கு நேரே நீட்டி, இது என்ன என்றேன். கீரையில் தூசி விழாமல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, மிதி என்றார். யார் இப்படித் தேய்த்தது என்றேன். நான்தான் என்றார்.

“பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?”

அவர் கையிலிருந்த ஈர்க்கை முழுசாக உருவி முடித்தார்.

“சொன்னா ரெண்டு வாரம் பைய ஓட்டுவ. மூணாவது வாரம் என்னைய வீட்டுல விட்டுட்டுத் தனியாப் போவ. அதுக்கு மிதிய மிதிச்சுக்கிட்டே கூட வந்துரலாம்னு நெனச்சேன்.”

சண்டை போடுவதற்கு ஆயிரம் வார்த்தை வைத்திருந்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முன்பு ஒருமுறை என் தங்கை, கொஞ்சம் மெதுவாகப் போயேன் என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவளை அந்த வண்டியில் நான் ஏற்றவில்லை. இடம் இல்லை, வேலை இருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுவேன். அவளே அதை மறந்திருப்பாள். இவர் கவனித்திருக்கிறார்.

வீம்பு போகவில்லை எனக்கு. புது வண்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றேன். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய், அந்தப் பெரிய வண்டியின் புத்தகத்தை எடுத்து வந்தார். எஞ்சின் படம் இருந்த பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை. பிரேக் பற்றிய பக்கம்தான் பென்சிலால் நிறைந்திருந்தது. காய்ந்த ரோட்டில் எத்தனை அடியில் நிற்கும், நனைந்த ரோட்டில் எத்தனை அடியில் நிற்கும் என்று இரண்டு வண்டிக்கும் ஓரத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

“பெருசையே எடு. அதுலதான் பிரேக் பெருசு, நாலு சக்கரமும் பிடிக்கும். சின்னத எடுத்தாலும் நீ அதே வேகத்துலதான போவ” என்றார்.

இப்படித்தான் பெரிய வண்டியை நாங்கள் முடிவு செய்தோம். நான் அதை ஓடுவதற்காகத் தேர்ந்தெடுத்தேன், அவர் நிற்பதற்காகத் தேர்ந்தெடுத்தார்.

பழையது போய்ப் புதியது வருவதற்குள் இரண்டு ஞாயிறு இடையில் வந்தது. வாடகை காருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவசரக் கேஸ் இருந்ததால் என்னால் கூடப் போக முடியவில்லை. திரும்பி வந்தவர் சாப்பிட உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தார். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தாராம். எந்த நூல் எதற்கு ஆகும், பஞ்சைக் கையில் எடுத்ததுமே தரத்தை எப்படிச் சொல்வது என்று கல்லிடைக்குறிச்சியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாராம். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஆற்றில் தண்ணீர் எந்த இடத்தில் என்ன நிறத்தில் ஓடுகிறது, எந்த வயலில் நாற்று நட்டிருக்கிறார்கள் என்று ரசம் ஊற்றுகிற வரைக்கும் பேச்சு ஓயவில்லை.

அந்த வழியில் ஏழு வருஷம் என்னோடு வந்தவர். ஒரு வயலைக்கூட எனக்குக் காட்டியதில்லை. பார்த்திருக்கவே மாட்டார், ரோட்டைத் தவிர. நான் அமைதி என்று நினைத்தது அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அம்பத்தேழு வயதில் ஒரு அரசுப் பேருந்தின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. பொறாமையைவிட, இனி அவர் பஸ்ஸிலேயே போய்விடுவாரோ என்ற பயம் பெரிதாக இருந்தது. அதை அவரிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை லாரியில் வைத்து வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டியாயிற்று. நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். கொஞ்சம் உட்கார்ந்து பாருங்களேன் என்று அவரை அழைத்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஷோரூமிலிருந்து வந்தவர் என் பக்கத்துக் கதவருகே குனிந்து நின்று, திரையில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பாட்டு, ஏசி, சீட் எல்லாம் முடிந்து வேகத்துக்கு வந்தார். எண்பது தாண்டினால் எல்லா வண்டியும் சத்தம் போடும், அது சட்டம். அதற்குக் கீழே நாமாகவும் ஒரு அளவு வைத்துக்கொள்ளலாம், தாண்டினால் மணி அடிக்கும், ஆனால் உங்களைப்போல ஓட்டுகிறவர்கள் யாரும் அதை வைப்பதில்லை என்று சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார். நான் அவரை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். இடது பக்கம் திரும்பி, “எவ்வளவு வைக்கட்டும்?” என்று கேட்டேன்.

உன் இஷ்டம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

“அறுபத்தஞ்சு.”

அரை நொடிகூட யோசிக்கவில்லை. அறுபது இல்லை, எழுபது இல்லை, அறுபத்தைந்து. எந்த எண்ணில் கால் மிதியைத் தேடிப் போகும் என்று துல்லியமாகத் தெரிந்து, யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏழு வருஷமாக வாயில் வைத்திருந்த எண் அது. நானூறு குதிரைத்திறன் வண்டிக்கு அறுபத்தைந்தா என்று ஷோரூம்காரர் சத்தமாகச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எழுபது?” என்று கேட்டேன், புத்தி போகவில்லை.

“அறுபத்தஞ்சு” என்றார்.

வைத்தேன்.