லேசா ஒரு சத்தம்

போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் முனக ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவப் போகிற வழியில் நின்று ஃபிரிட்ஜ் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "உனக்குக் கேக்குதா?" என்றார். ரசப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே நானும் காதைக் கொடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கிறதா? "லேசா கேக்குது" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார். அவர் திருநெல்வேலிக்காரர். இல்லை என்றால் இல்லை என்றே சொல்லி வளர்ந்தவர். "லேசா" என்ற சொல்லுக்குள் எங்கள் ஊர்க்காரர்கள் எதையெல்லாம் ஒளித்துவைப்போம் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன்.

நீடாமங்கலத்துப் பக்கம் முகத்துக்கு நேரே ஒருவரிடம் "இல்லை" என்று சொல்வது கிட்டத்தட்ட கைநீட்டி அடிப்பது மாதிரி. காபி சாப்பிடுகிறீர்களா என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டோம், "இப்பத்தான் ஆச்சு" என்போம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டால், வாய்க்கால் வெடித்துக் கிடந்தாலும் "வந்துடும்" என்பதுதான் பதில். பெண் பார்க்க வந்தவர்கள், பெண் பாடுவாளா என்று கேட்கும்போது "லேசா பாடுவா" என்றால், தயவுசெய்து பாடச் சொல்லிவிடாதீர்கள் என்று அர்த்தம். என்னைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். இந்தத் திருநெல்வேலிக்காரர் அதை நம்பிவிட்டார்.

அந்த "லேசா"தான் ஒருமுறை அப்பாவின் வண்டியைக் கெடுக்கப் பார்த்தது.

அப்பா மாடுகளை விற்றுவிட்டு வாங்கிய பிக்கப் வண்டி அது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. வாங்கிப் பல வருஷம் ஆகியும் அது ஓடியதென்னவோ கொஞ்சம்தான். காரணம் அப்பாதான். எரு ஏற்றக்கூடாது, நாற்றம் பிடித்துக்கொள்ளும். செங்கல் ஏற்றக்கூடாது, தொட்டியில் கீறல் விழும். வைக்கோல் கூடவே கூடாது, சந்துபொந்தெல்லாம் தூசு போய்விடும். பின்னே எதைத்தான் ஏற்றுவது? விதைநெல் மூட்டை ஏற்றலாம். கோயில் விசேஷத்துக்கு வாழைத்தார் ஏற்றலாம். செருப்பைத் தட்டிவிட்டு ஏறுவதாக இருந்தால் அம்மாவையும் ஏற்றலாம்.

மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தில் மாடு இல்லாத குறைக்கு நெட்டிமாலை வண்டிக்கு விழும். முன்பக்கம் குங்குமம் வைத்து, பச்சையும் சிவப்புமாகச் சாயம் போட்ட அந்த மாலையைக் கட்டிவிட்டு அப்பா தள்ளி நின்று பார்ப்பார். அம்மா தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று வண்டியைச் சுற்றி வருவாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாம் சுற்று வருவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிடும்.

அந்த வண்டிக்குள் ஒரு வாசனை உண்டு. டீசலும், சாக்கும், விதைநெல்லின் காய்ந்த தூசியும், அப்பா வெள்ளிக்கிழமை ஏற்றும் ஊதுபத்தியும் சேர்ந்த வாசனை. எனக்கு அது திங்கட்கிழமையின் வாசனை. தஞ்சாவூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாரம் முழுக்க ஹாஸ்டலில் இருந்துவிட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். திங்கட்கிழமை காலையில் ரயிலுக்கு அப்பாதான் கொண்டுவந்து விடுவார். பேண்ட் போட்ட பையன்கள் எல்லாம் பைக்கில் பறக்க, நாங்கள் இருவரும் நெல்மூட்டை மாதிரி ஆடி அசைந்து போவோம்.

அப்படி ஒரு ஐப்பசித் திங்கட்கிழமையில்தான் அப்பா முதன்முதலாகக் கேட்டார்.

"பாப்பா, ஏதாவது கேக்குதா?"

"என்னப்பா?"

"இன்ஜின்ல. உய்ய்ங்ன்னு. சில்வண்டு கத்துற மாதிரி."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இன்ஜின் எப்போதும்போல் கடகடவென்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்பவர் முகம். "லேசா கேக்குதுப்பா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது விஷயம் முற்றியிருந்தது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றியிருக்கிறார். அவளும் லேசா என்றிருக்கிறாள். எதிர்வீட்டு கோவிந்தராசு சித்தப்பாவை அழைத்துக் காட்டியிருக்கிறார். அவர் வாழ்நாளில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. "ஆமாண்ணே, லேசா இருக்கு. வீல் பேரிங்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் ஆமாம் என்று சொல்லச் சொல்ல அப்பாவுக்கு அந்தச் சத்தம் கூடிக்கொண்டே போனது.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பக்கிரியின் பட்டறை இருந்தது. ஆள் ஆஜானுபாகு. வெற்றிலை போட்ட வாயோடு பேசுவதால் அவர் சொல்வது எதுவும் தீர்ப்பு மாதிரியே இருக்கும். பானட்டைத் திறந்துவைத்து ஒரு சொம்புத் தண்ணீரை ஓடுகிற பெல்ட்டின் மேல் ஊற்றினார்.

"பெல்ட்டு சத்தமா இருந்தா தண்ணி பட்டதும் மாறும்ணே. இப்ப குறைஞ்சிருக்கா?"

பக்கிரி முகத்துக்கு நேரே அப்பா எப்படி இல்லை என்பார்? "லேசா குறைஞ்சாப்புல இருக்கு" என்றார். பெல்ட்டை மாற்றினார்கள். சத்தம் நிற்கவில்லை. டைனமோவைக் கழற்றி பேரிங் மாற்றினார்கள். அதற்கும் நிற்கவில்லை. கடைசியில் பக்கிரி நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை இன்ஜின் தலையிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டு, நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ளேருந்துதாண்ணே வருது. லேசாத்தான் இருக்கு, ஆனா விடக்கூடாது. இன்ஜினைப் பிரிச்சுப் பாத்துடுவோம்."

இதன் கனம் உங்களுக்குப் புரிய வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே "இன்ஜின் பிரிச்சதா?" என்பதைத்தான். பிரிக்காத இன்ஜின் என்றால் அதற்கு ஒரு கௌரவம். ஒருமுறை பிரித்து மூடினால் அது வேறு வண்டி. அப்பா அன்றைக்குச் சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "பிரிச்சும் சரியாகலேன்னா வித்துடுறேன். இதோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல" என்றார்.

அம்மா அதற்குத்தான் பயந்தாள். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. சைக்கிள் மிதிக்க முடியாது, வயல் வரைக்கும் நடக்க முடியாது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்போரம் நிறுத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டு, போகிற வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவார். "வண்டியும் இல்லேன்னா இந்த மனுஷன் மூலையில உக்காந்துடுவாருடி" என்றாள் அடுக்களையில் என்னிடம். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

திங்கட்கிழமை வண்டியைப் பக்கிரியிடம் விடுவதாக ஏற்பாடு. ஆபரேஷனுக்குக் கூடப் போகிற மாதிரி அம்மாவும் பிளாஸ்க்கில் காபியோடு ஏறிக்கொண்டாள். என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு அவர்கள் பட்டறைக்குப் போக வேண்டும். வழியில் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டான்.

நீடாமங்கலம் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், அவ்வளவு நேரம் மூடிக் கிடக்கும். எல்லோரும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். வேர்க்கடலை வாங்குவார்கள், சம்பந்தம் பேசுவார்கள். அப்பா மட்டும் வண்டியை அணைக்கவே மாட்டார். திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போய், பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பேர் தள்ளிவிட வந்தால் வண்டியின் மானம் என்ன ஆவது? அன்றும் அப்படித்தான். முன்னால் ஒரு பஸ், பின்னால் நெல் லாரி, எல்லாம் அணைந்து கிடக்க, எங்கள் வண்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தூறலுக்காக ஏற்றிய கண்ணாடி, தூறல் விட்ட பின்னும் ஏற்றியபடியே இருந்தது.

"பாரு, கேக்குது பாரு" என்றார் அப்பா.

அம்மா பிளாஸ்க்கை என் மடியில் வைத்தாள்.

"ஏங்க, எனக்கு அந்தச் சத்தம் கேக்கல."

"இப்பவா?"

"எப்பவுமே கேக்கல. மொத நாள்லேருந்து கேக்கல."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உனக்குப் பாப்பா?"

"எனக்கும் கேக்கலப்பா."

"லேசான்னியே?"

"நீங்க கேட்டீங்களேன்னு சொன்னேன்ப்பா."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாதான் மெதுவாகச் சொன்னாள்.

"வண்டிய நிறுத்திட்டுக் கேளுங்க."

சாவியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு திருப்பினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. மூடிய கண்ணாடிக்குள் அம்மாவின் வளையல் உரசுவதுகூட எனக்குக் கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"வண்டி நின்னுடுச்சு" என்றார். "இது நிக்கல."

கேட்டு திறந்தது. பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அம்மா அவர் கைமேல் கையை வைத்து, "எடுங்க, தஞ்சாவூர் போவோம்" என்றாள். ஒரே திருப்பில் வண்டி ஸ்டார்ட் ஆனது. பட்டறையைத் தாண்டினோம், ஸ்டேஷனையும் தாண்டினோம். அந்த வண்டி அதுவரை ஓடிய ஓட்டங்களில் அதுதான் நீளமான ஓட்டம்.

தஞ்சாவூரில் காது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மோட்டார் கொட்டகையில் ஆயில் இன்ஜின் பக்கத்தில் நின்று பழக்கமா என்பதுதான். இளம் வயதெல்லாம் அப்பா அங்கேதான் நின்றார். கரண்டு வருவதற்கு முன்னால் குறுவைப் பயிரைக் காப்பாற்றியதே அந்த இன்ஜின்தான். காதுக்குள் இரைச்சல், வயசும் சேர்ந்துகொண்டது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார் டாக்டர். இத்தனை நாள் வீட்டிலும் வயலிலும் ஏன் கேட்கவில்லை என்று நான் அப்பாவைக் கேட்டேன். "கேட்டுச்சு பாப்பா. வெளியில சில்வண்டு கத்துதுன்னு நெனச்சேன். வண்டிக்குள்ள ஏது சில்வண்டு? அதான் இன்ஜின்னு நெனச்சுட்டேன்" என்றார். நியாயமான பேச்சு. எங்கள் ஊர் அப்படி, சில்வண்டு கத்தாத இடமே கிடையாது.

நாங்கள் அம்மாவும் பெண்ணுமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வர, அப்பாவோ கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவர் மாதிரி வந்தார். வழியில் பட்டறையில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கத்தினார்.

"பக்கிரி! காதுதான்டா! வண்டிக்கு ஒண்ணும் இல்ல!"

"நான் அன்னிக்கே நெனச்சேண்ணே."

"பின்ன ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்குதுன்னீங்க. நான் எப்படிண்ணே இல்லேம்பேன்?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பட்டறையில் வேலை நின்றுபோனது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த மனிதர் தன் காது போனதற்கு வருத்தப்படாமல் வண்டி பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டது எனக்குத் தாங்கவில்லை. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பழக்கமில்லை. பிளாஸ்க்கிலிருந்த ஆறிப்போன காபியை ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அப்பா வண்டியை வரப்போரம் நிறுத்தித் தண்ணீர் பார்த்தார். போனில் பேசும்போதெல்லாம், சத்தம் எப்படியிருக்கிறது என்று கேட்பேன். "லேசா இருக்கு" என்பார். ராத்திரி முழுக்க ரேடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டுதான் படுக்கிறார் என்று அம்மா பின்னால் சொன்னாள். இப்போது அந்த வயலை வேறு ஒருவர் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. பக்கிரி மகனோடு திருப்பூர் போய்விட்டதாகக் கேள்வி.

அப்பாவுக்குத் திதி எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, வண்டி கேட்டு முத்துப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். மீன் பெட்டி ஏற்றுகிறவர். அப்பா இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார். நல்ல மாதிரி ஆள். பானட்டைத் திறந்து, இத்தனை பழைய வண்டி இவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். இன்ஜின் பிரித்ததில்லை என்றதும் இன்னும் ஆச்சரியம். ஸ்டார்ட் செய்து, குனிந்து காது கொடுத்துக் கேட்டார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எப்பயாச்சும் ஏதாவது சத்தம் வருமாம்மா?"

"வந்துச்சு தம்பி" என்றாள் அம்மா. "அவரு போனதோட நின்னுடுச்சு."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு பானட்டை மூடினார்.