ஒரே ஒரு முறைதான் ஓடும் கேசட்

சங்கீதம் கேட்கச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு ஊரில் மரியாதை உண்டு. பேச்சைக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால் மட்டும், அதில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். தொண்ணூறுகளில் மைசூரில் எனக்கு அதுதான் வேலை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலப் பரீட்சையில் ஒரு பகுதி காதுக்கானது. கேசட்டில் இரண்டு மாணவர்கள் பேசிக் கொள்வார்கள், அல்லது ஒரு பேராசிரியர் பாடம் நடத்துவார். கேள்வியும் கேசட்டிலேயே வரும். தாளில் நான்கு விடைகள் மட்டும் இருக்கும். எல்லாம் ஒரே முறைதான் ஓடும், திருப்பிப் போட மாட்டார்கள். வீட்டில் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லியும் யார் காதிலும் விழாத அனுபவம் உள்ளவர்களுக்கு என் பாடு விளங்கும்.

மாடியில் அமெரிக்கா

எங்கள் வகுப்பு தேவராஜ மொஹல்லாவில், ஒரு பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பாதி. முதலாளி ராமண்ணா நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து, அந்தப் பக்கம் டைப்பிங்கும் இந்தப் பக்கம் அமெரிக்காவுமாக நடத்தினார். ஜன்னலுக்குக் கீழே மார்க்கெட் சந்து. ஹெட்போன் வாங்குவதற்கு முன்னால், மேஜை மேல் டேப் ரிக்கார்டரை வைத்துத்தான் வகுப்பு.

ஒரு நாள் நூலகத்தில் ஒரு பெண்ணும் பையனும் பேசும் உரையாடல் ஓடியது. முடிந்ததும், அந்தப் பெண்ணுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டேன். முன் வரிசையில் இருந்தவன் எழுந்து, எலுமிச்சம்பழம் விலை ஏறிவிட்டது என்றான். கிண்டல் இல்லை. கீழே ஓர் அம்மாள் கடைக்காரரிடம் கன்னடத்தில் அதைத்தான் சொல்லிக் கொண்டிருந்தார், அதுவும் எங்கள் கேசட்டை விடத் தெளிவாக. ஜன்னலைச் சாத்த அனுமதி கேட்டு ராமண்ணாவிடம் போனேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வேண்டாம் மேடம். இந்தச் சத்தத்துல கேட்டுப் பழகிட்டா, பரீட்சை ஹால்ல அவங்களுக்கு ரொம்ப ஈஸியா இருக்கும்.”

அப்பாவின் சோதனை

பழனிசாமி கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளி என்ற கிராமத்துக்காரன், வீட்டில் கொங்குத் தமிழ். மைசூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு எங்களிடம் சேர்ந்திருந்தான். பையன் என்ன படிக்கிறான் என்று பார்க்க அவன் அப்பா ஒரு நாள் சோளக் காட்டு வேலையை விட்டுவிட்டு, கொள்ளேகாலில் பஸ் மாறி வந்து சேர்ந்தார். அதற்குள் ராமண்ணா எங்கேயோ பழைய ஹெட்போன்களாகப் பார்த்து வாங்கிப் போட்டிருந்தார். ஒன்றைப் பெரியவர் தலையில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கொண்டு, கையைக் கட்டிக் கொண்டு, கடைசி வரை கேட்டார். அவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவனை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் என்ன பேசினார்கள் என்று மகனிடம் விசாரித்தார். ஒரு பெண் தன் அறைத்தோழி புத்தகத்தை இரவல் வாங்கினால் திருப்பித் தருவதில்லை என்று இன்னொரு பெண்ணிடம் குறை சொல்கிறாள் என்று பழனிசாமி விளக்கினான். பெரியவர் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் பதமாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “அடுத்தவங்க பேசறத ஒட்டுக் கேக்கறதுக்கு இத்தனை தூரம் வரோணுங்களா? எங்கூட்டுச் சந்துல நின்னாலே ஆகுமுங்களே.”

வருவாளா, மாட்டாளா

அந்தப் பரீட்சையில் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை விருந்துக்கு வருகிறாயா என்று பையன் கேட்பான். திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை இருக்கிறது என்று பெண் சொல்வாள். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பது கேள்வி. ‘அவளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை’ என்று ஒரு விடை பொறியாக வைக்கப்பட்டிருக்கும். பழனிசாமி வாரா வாரம் அதில் போய் விழுந்தான். அவள் சொன்னது அதுதானே என்று வாதாடுவான். வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே, எதற்கு இந்தச் சுற்று வழி என்று அந்தப் பெண் மேல் அவனுக்கு உண்மையாகவே கோபம். நானும் எப்படியெல்லாமோ விளக்கிப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் அவன் அண்ணனுக்குப் பெண் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கொள்ளேகாலில் ஓர் இடம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பெண் வீட்டில், பெரியப்பா வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் கலந்து சொல்கிறோம் என்றார்களாம். இவர்கள் காத்திருந்தார்கள். பெரியப்பா வந்தார், மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். தகவல் வரவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் தாம்பூலம் மாற்றிவிட்டார்கள் என்று யார் மூலமோ தெரிந்தது. ஊருக்குப் போய்விட்டு வந்த பழனிசாமி, அந்த வாரத் தேர்வில் அந்தப் பகுதி முழுவதையும் சரியாக எழுதியிருந்தான். எப்படி என்று கேட்டேன். “எங்கண்ணனுக்கும் இப்பிடித்தானுங்க மேடம் சொன்னாங்க. எங்களுக்குத்தான் கேக்கத் தெரியல.”

பொறுமையான பேராசிரியர்

எங்கள் கேசட்டில் தேனீக்களைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவர் இருந்தார். கனத்த குரல், நிதானமான பேச்சு. வயதானவர், நல்ல மனிதர் என்று நாங்கள் எல்லாரும் முடிவு செய்து வைத்திருந்தோம். ஒரு நாள் டேப் ரிக்கார்டர் அடியோடு நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் எப்போதோ தளர்ந்து போயிருக்கிறது, இத்தனை நாளும் எல்லாம் மெதுவாகத்தான் ஓடியிருக்கும் என்று சொல்லி, புதுப் பெல்ட் மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் கேசட்டைப் போட்டால், அதே தேனீக்களைப் பற்றி ஓர் இளைஞன் மூச்சு விடாமல் பேசிக் கொண்டு போகிறான். வகுப்பில் யாரும் எழுதவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். அந்த வார மதிப்பெண்கள் பாதியாயின. பெல்ட் போட்டதால் படிப்பு கெட்டது என்று ராமண்ணாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? அதற்குள் மாணவர்கள் கூடிப் பேசி, ஒருவனை என்னிடம் தூது அனுப்பியிருந்தார்கள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மேடம், அந்தப் பழைய புரொபசரையே திருப்பிக் கூப்பிட முடியுமா? அவர் ஸ்வல்ப மெதுவா, புரியற மாதிரி எடுத்தாரு.”

இடது பக்கம்

வைதேகி வேதியியலில் எம்.எஸ்ஸி. பூர்விகம் மேல்கோட்டை. அவர்கள் வீட்டில் பேசும் பழைய தமிழ் எனக்கே பாதிதான் பிடிபடும். இலக்கணப் பகுதியில் அவளை அசைக்க முடியாது. கேட்கும் பகுதியில் மட்டும் ஒரு வாரம் முழு மதிப்பெண், அடுத்த வாரம் ஒன்றுமே இருக்காது. அக்கறை இல்லாத பெண் என்று நினைத்துவிட்டேன். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், அவள் கழற்றி வைத்த ஹெட்போனை நானே மாட்டிப் பார்த்தேன். இடது காதில் மட்டும் சத்தம் வந்தது, வலது செத்திருந்தது. மற்றவர்கள் என்றால் ஒரு பக்கம் வரவில்லை என்று உடனே கத்துவார்கள். இவள் ஒரு மணி நேரம் அதை மாட்டிக் கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தாளில் எல்லாக் கேள்விக்கும் மூன்றாவது விடையைக் குறித்திருந்தாள்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டதாம், வலது செத்த ஹெட்போன் கிடைக்கும் வாரமெல்லாம் ஒன்றுமே கேட்காதாம். வெளியில் தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று அம்மா யாரிடமும் சொல்ல விடவில்லை. ஆனால் பெங்களூர்ப் பரீட்சை ஹாலில் ஹெட்போன் கிடையாது, ஸ்பீக்கர்தான். சரியான பக்கம் உட்காராவிட்டால் ஒரு வருஷ உழைப்பும் வீண். கண்காணிப்பாளரிடம் சொல்லி இடம் மாற்றிக் கொள் என்றேன். மறுநாள் அவள் அம்மா வந்துவிட்டார். ஒரு நல்ல வரன் வருகிற நேரம், ஹாலில் மைசூர்க்காரர்கள் யாராவது இருப்பார்கள், தயவு செய்து இந்த யோசனையெல்லாம் கொடுக்காதீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டுக் கொண்டார். வைதேகி தரையைப் பார்த்துக் கொண்டு நின்றாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பரீட்சையன்று அவளுக்குக் கிடைத்தது வலது பக்கச் சுவர் ஓரம், ஸ்பீக்கர் இடது கைப் பக்கம். கேசட்டைப் போடும் சமயத்தில் எழுந்து நின்று, எனக்கு ஒரு காது கேட்காது, அந்தப் பக்கம் இடம் வேண்டும் என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாளாம். மாற்றிக் கொடுத்தார்கள். செய்தி அவளுக்கு முன்னால் மைசூர் வந்து சேர்ந்தது. வரன் வரவில்லை. மதிப்பெண் வந்தது, அதன் பின்னால் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடமும் வந்தது.

கிளம்பும் முன் அம்மாவும் மகளுமாக விடைபெற வந்தார்கள். அம்மா பூவும் பழமும் கொடுத்துவிட்டுப் படியிறங்கி ஆட்டோ பார்க்கப் போனார். அவரைப் பார்த்துக் கொண்டே வைதேகி சொன்னாள்: “அம்மா எப்பவும் என் இடது பக்கம்தான் நடப்பாங்க மேடம், வேற யாரும் அந்தப் பக்கம் வந்து பேசிடக் கூடாதுன்னு. அங்க போனா அந்த இடம் காலியாத்தான் இருக்கும்.”

இப்போதும் யாராவது அந்த நாளில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் ஆங்கிலம் கேட்கக் கற்றுக் கொடுத்தேன் என்கிறேன், அவர்களும் சரியாகக் காதில் விழாதது போல “என்ன?” என்கிறார்கள்.