பல்லால் கடித்த ஈயம்

கடல்பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு தூண்டில் கடை இருந்தது. அங்கே யார் போய் எதைக் கேட்டாலும் கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்று கேள்வி கேட்பார். எங்கே நிற்கப் போகிறீர்கள், பாலத்திலா கரையிலா? கீழே என்ன இருக்கிறது, மணலா பாறையா? இன்றைக்கு அலை எப்படி? பதில் வந்த பிறகுதான் அவர் கை அலமாரிப் பக்கம் போகும்.

பாலத்தில் நிற்பவர் மீனை மூன்று ஆள் உயரம் மேலே தூக்க வேண்டும். அவருக்குக் குட்டையான, எளிதில் வளையாத கம்பு. கரையில் நிற்பவர் அலை உடையும் இடத்தைத் தாண்டி எறிய வேண்டும். அவருக்கு நீளக் கம்பு. மணலுக்குக் கூம்பு ஈயம், அது குத்திக்கொண்டு நகராமல் நிற்கும். பாறைக்கு இருப்பதிலேயே மலிவான ஈயம், எப்படியும் அது திரும்பி வரப்போவதில்லை. பக்கத்தில் இறக்குவதற்கு இறால் இரை போதும். தூர எறிவதற்குக் கணவாய்த் துண்டு. இறாலை வீசி எறிந்தால் தூண்டில் முள் ஒரு பக்கம் போகும், இறால் ஒரு பக்கம் போகும் என்பார். சொல்லும்போது கையாலேயே இரண்டு பக்கமும் காட்டுவார். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். ஊரில் அவருக்கு ‘மீன் டாக்டர்’ என்று பெயர்.

ஆனால் அந்தக் கடைக்குக் கூட்டம் வந்தது யோசனைக்காக மட்டும் இல்லை. அங்கே விற்ற கட்டிய செட்டுக்காக. ஒரு முழ நைலான் நரம்பு, இரண்டு முள், நடுவே மிளகு அளவில் ஐந்து ஈயக் குண்டு. அப்படியே ரீல் நரம்பில் மாட்டி எறிய வேண்டியதுதான். மற்ற கடைகளின் செட்டு குண்டு இருக்கும் இடத்தில் அறுந்துவிடும். டாக்டர் கடைச் செட்டு அறுந்ததாக யாரும் வந்து நின்றதில்லை.

அந்தச் செட்டுகளைக் கட்டியது அவர் மனைவி. அவள் பெயர் வாங்குபவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வேகமான கை. புகுந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் கணவர் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். ஐந்து சுற்று, எச்சிலால் நனைத்து, மெதுவாக இழுக்க வேண்டும். அடுத்த வாரமே அவரைவிட நன்றாகப் போட்டாள். பிறகு ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய ஈயக் குண்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கீறல் இருந்தது. அதற்குள் நரம்பைக் கொடுத்து அமுக்கினால் குண்டு பிடித்துக்கொள்ளும்.

“குறடு எங்கேங்க?” என்று கேட்டாள்.

“குறடு வேணாம். நரம்பைத் தின்னுடும். பல்லுதான் பதம். அளவாக் கடிச்சா போதும்.”

அவள் கடித்துக் காட்டினாள். அவர் இழுத்துப் பார்த்துவிட்டு, “அடேயப்பா!” என்றார். அந்த ‘அடேயப்பா’ அவளுக்கு நெடுநாள் நினைவில் நின்றது. வீட்டுப் பின்னறையில் ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாற்பது செட்டு. ஒன்றுக்கு ஐந்து கடி. வாயில் எப்போதும் துரு மாதிரி ஒரு ருசி இருந்தது. கடற்காற்று என்று நினைத்துக்கொண்டாள். அப்படிப் பன்னிரண்டு வருஷம் போனது.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு கரு கலைந்தது. முதலாவது மூன்றாம் மாதம், அடுத்தது ஐந்தாம் மாதம். இரண்டாவது போன ஒன்பதாம் நாள் மீன் சீசன் தொடங்கியதால் அவள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாமியார் வாசற்படியில் நின்று பார்த்தார்.

“நிழல்ல உக்காந்து நூல் கட்டுற வேலை. அதுக்கே உன் உடம்பு தாங்கலன்னா நாங்க என்னம்மா பண்றது?”

“எனக்கு மட்டும் ஆசையா அத்தை?” என்றாள். தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அவளும் நம்பினாள்.

மூன்றாவது முறை உண்டானபோது அவளுக்கு வயது முப்பத்து நான்கு. இதுவும் போனால் இன்னொன்று கிடையாது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். நாலாம் மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு புது டாக்டர் இருந்தார். சின்ன வயசுப் பெண்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“வீட்லதான் இருக்கேன் மேடம்.”

மற்ற டாக்டர்கள் எல்லாரும் இந்தப் பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை.

“வீட்ல என்ன பண்ணுவீங்க?”

அவள் சொன்னாள். முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பல்லால் கடிப்பதைச் சொன்னதும் டாக்டரின் பேனா நின்றது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு சாம்பல் கோடு இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது.

“ஈயம் ரொம்ப இருக்கு. ரத்தத்துல மட்டும் இல்ல, எலும்புலயும் போய்த் தங்கியிருக்கும். இன்னிக்கே நிறுத்துங்க. ஒண்ணைக்கூடக் கடிக்கக் கூடாது.”

“முன்னாடி ரெண்டு போனது இதனாலயா?”

“இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.”

“இந்தக் குழந்தை?”

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து நீட்டினார். “நிறுத்தினா நல்லது. அதுக்கு மேல இப்ப என்னால சொல்ல முடியாதும்மா.”

ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு இருபது நிமிஷ நடை. வழியெல்லாம் அவள் கணவரை நினைத்துத்தான் கவலைப்பட்டாள். பாவம், அவருக்குத் தெரியாது. தெரிந்தால் உடைந்துபோவார். தன் கையாலேயே விஷத்தைக் கொடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்வார். அவரை எப்படித் தேற்றுவது என்று இரண்டு மூன்று வாக்கியங்களைக் கூடத் தயார் செய்து வைத்துக்கொண்டாள்.

கடையில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தூண்டிலுக்குப் புதிது. கூடுதலாக ஒரு குண்டை நரம்பில் மாட்டிப் பார்க்க எடுத்தவர், பிடி கிடைக்காமல் வாயில் வைத்தார். கடைக்காரர் கல்லாவைத் தாண்டி எட்டி அவர் கையைப் பிடித்தார்.

“ஐயோ சார்! துப்புங்க, துப்புங்க!”

பெரியவர் பயந்துபோய்த் துப்பினார். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“நல்லாக் கொப்பளிங்க. ஈயம் விஷம் சார். பல்லு படவே கூடாது. இந்தாங்க, முனையில ரப்பர் வெச்ச குறடு. நரம்புல கீறல் விழாது. வெச்சுக்கங்க, என் அன்பளிப்பு. உடம்பை நாமதானே பாத்துக்கணும்?”

“நல்லவேளை. எனக்கு இதெல்லாம் யார் சார் சொல்லுவா?”

“டப்பாலயே படம் போட்டிருக்கே சார்.”

கடைக்காரர் குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக் காட்டினார். எந்த மொழி என்று தெரியாத எழுத்து. அதற்குக் கீழே ஒரு வாயின் படம், பல்லுக்கு நடுவே ஒரு குண்டு, எல்லாவற்றுக்கும் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

அவள் வாசலில் நின்றிருந்தாள். குண்டைப் பிஸ்கட் டப்பாவுக்கு மாற்றிக் கொண்டுவந்தது எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஈரம் படாமல் இருக்க என்று அவர் சொல்லியிருந்தார்.

பெரியவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“நீ எப்ப வந்த?”

“அவரு துப்பும்போது.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். “அது வாங்க வர்றவங்களுக்குச் சொல்றது. நாளைக்கு ஒண்ணுன்னா கடை மேலதானே பழி வரும்? கம்பெனிக்காரன் ஆயிரம் படம் போடுவான். எங்கப்பா கடிக்காத ஈயமா? ஆறு பிள்ளை பெத்தாரு.”

“பெத்தது அத்தைதானே?”

அவள் ரிப்போர்ட்டை நீட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார், மடித்தார், தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ரப்பர் குறடு இருக்குன்னு எனக்கு ஏங்க சொல்லல?”

“அதுல ஒரு செட்டுக்கு மூணு மடங்கு நேரம் ஆகும். இங்க பாரு, ஞாயித்துக்கிழமை பாலத்துல போட்டி. அறுபது பேரும் நம்ம செட்டுதான். அது முடியட்டும். அப்புறம் நிறுத்திக்கலாம். இன்னும் நாலு நாள்தானே?”

நாலு நாள்தானே என்று கேட்டவரின் முகத்தை அவள் உற்றுப் பார்த்தாள். கோபம் இல்லை, கொடுமை இல்லை. மணலா பாறையா என்று கேட்கும் அதே முகம்தான். தயார் செய்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளை அவள் அங்கேயே விழுங்கினாள்.

“சரிங்க,” என்றாள்.

நாலு நாளும் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டினாள். சனிக்கிழமை மாலை அறுபது பொட்டலத்தையும் ஒட்டி, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். கணவர் திறந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை, அவ்வளவு நம்பிக்கை.

காலையில் பாலத்தில் நல்ல கூட்டம். விசில் ஊதுவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஆளாளுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். முள் சரியாக இருந்தது, முடிச்சு சரியாக இருந்தது. ஈயக் குண்டு ஐந்தும் நரம்பில் ஏறாமல் பொட்டலத்தின் மூலையில் தனியாகக் கிடந்தன. கூடவே ஒரு துண்டுக் காகிதம். அதில் பேனாவால் வரைந்த ஒரு வாய், குறுக்கே ஒரு கோடு.

“என்ன டாக்டர் இது, மருந்தை நாங்களே அரைச்சுக்கணுமா?” என்று ஒருவர் கத்தினார்.

“ஃபீஸ் மட்டும் முழுசா வாங்கிட்டாரு!” என்றார் இன்னொருவர்.

சிரிப்பு கொஞ்ச நேரத்தில் எரிச்சலாக மாறியது. கடைக்காரர் ஓடிப்போய்க் குறட்டை எடுத்து வந்தார். கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். சுற்றிலும் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

“விசில் ஊதப் போறான்! பல்லால கடிச்சுத் தள்ளுங்க சார்!”

அவள் கொஞ்சம் தள்ளி, விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வந்ததே அதைப் பார்க்கத்தான். ஒருவேளை அவர் யோசிக்காமல் ஒரு குண்டையாவது வாயில் வைத்தால், அவருக்கும் நிஜமாகவே அது பெரிதாகப் படவில்லை என்று மன்னித்துவிடலாம். விசில் ஊதியது. பாதிப் பேர் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். வியர்வை கண்ணாடிக்குள் இறங்கியது. அவர் குறட்டாலேயே பிடித்து அமுக்கினார். ஒரு குண்டுகூட அவர் உதட்டைத் தொடவில்லை.

அவள் அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

குழந்தை எட்டாம் மாதமே பிறந்தது. பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். கணவர் ஒருமுறை வந்தார். கடையில் இப்போது எல்லாமே ரப்பர் குறடுதான், இரண்டு ஆள் போட்டிருக்கிறேன், நீ வந்தால் ஒரு வேலையும் செய்ய வேண்டாம் என்றார். தூண்டில் கம்பைப் பற்றிப் பேசுவது போலவே அளந்து பேசினார். அவள் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கேட்டாள். அவரிடம் இல்லை. சட்டையோடு துவைக்கப் போயிருந்ததாம்.

இப்போது அவள் மறுபடி தையல் கம்பெனியில் இருக்கிறாள். மற்றப் பெண்கள் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்கள். அவள் கழுத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். குழந்தைக்கு இரண்டரை வயது. நடக்கிறது, சிரிக்கிறது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. சில பிள்ளைகள் லேட்டாகப் பேசும் என்று அக்கா சொல்கிறாள். பார்க்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்கிறார்.

போன வாரம் வீட்டில் குழந்தை ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அவள் தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள்.

“ஐயோ கண்ணு! துப்பு, துப்பு!”

குழந்தைக்கு அந்தச் சொல் புரியவில்லை. அவள் முகத்தையே பார்த்துச் சிரித்தது. அவள் விரலை விட்டுப் பொத்தானை வெளியே எடுத்தாள்.